உள்ளிருந்து உடைந்த தாடை

வேலந்தாவளம்
9.6.2024

அன்புத் தம்பி சிலுவைராஜுக்கு அக்கா சந்தனமேரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

மாதாவின் தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லை. படி ஏறினால் முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் ஜோமோளும் எப்படி இருக்கிறீர்கள்? மகள் வினோவை மூணாறு பள்ளி விடுதியில் விட்டுவிட்டு வந்தாயே, இந்த வருஷமும் அழுதாளா? உங்கள் சரிவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் ஜோபியின் காய்கறி வண்டிதான் நமக்குத் தபால். வட்டவடைக் கேரட்டை இறக்க அவன் இங்கே வரும்போதெல்லாம் ஒரு கடிதம் கொண்டுவரட்டும், ஒன்று கொண்டுபோகட்டும்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருஷம் அட்டெண்டராக இருந்து எலும்புகளைத் துடைத்தது வீண்போகவில்லை. மாட்டுச் சந்தைக்குப் பின்னால் கறிக்கடை வைத்திருக்கும் நஞ்சப்பன் மாட்டுத் தலையும் எருமைத் தலையும் தருகிறார். நான் சுத்தம் செய்து கொடுப்பதைக் கோயம்புத்தூரில் கூடத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். முதலில் எனக்கே சிரிப்பாக இருந்தது. வீட்டில் செத்த மாட்டின் தலையை எதற்கு மாட்டவேண்டும்? ஆனால் வெளுத்து முடித்ததும் பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை, தம்பி.

கத்தியால் எடுக்கக்கூடிய சதையை எடுத்துவிட்டு டிரம் தண்ணீரில் ஊறப்போடுவேன். மூன்று வாரத்தில் மீதி தானே கழன்றுவிடும். நாற்றம் தாங்காது, அதனால் டிரம் தோப்பின் கோடியில் இருக்கிறது. கொதிக்க மட்டும் வைக்கக்கூடாது. கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிட்டால் பின்னால் மஞ்சளாகக் கசியும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். கடைசியில் மருந்துக்கடை பெராக்சைடு, அப்போதுதான் வெள்ளை வரும். கழன்ற பல் ஒவ்வொன்றையும் அதனதன் குழியிலேயே ஒட்டவேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர் ஆட்டுத் தலை வேண்டும் என்கிறார். அங்கே ஆடோ மாடோ தானாகச் செத்தால், தலையை உப்பும் சாம்பலும் போட்டு மூடியுள்ள வாளியில் ஜோபியிடம் அனுப்பு. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். காட்டு மிருகம் எதுவும் ஆகாது, உதிர்ந்த மான் கொம்புகூட வேண்டாம். சின்னாறு ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் வாளியைத் திறந்தால் அகப்படுவது ஜோபிதான்.

ஜோமோளுக்கு ஒரு சேலை வைத்து அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சந்தனமேரி

*

வட்டவடை
23.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதியது.

கடவுள் புண்ணியத்தில் சுகம். மழை பிடித்துக்கொண்டது. வினோ அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. சேலையைப் பார்த்து ஜோமோளுக்குச் சந்தோஷம்.

வாளியில் ஒரு ஆட்டுத் தலை இருக்கிறது. பாறையிலிருந்து விழுந்து செத்தது.

கேரட் நன்றாக வந்திருந்தது. போன வாரம் காலையில் போய்ப் பார்த்தால் கீழ்ப்பாத்தி முழுவதையும் பன்றிகள் புரட்டிப் போட்டிருந்தன. ஒரு கிழங்கைத் தின்றால் பத்தை மிதித்துப் போயிருக்கின்றன. பக்கத்து நிலத்துக் குருசாமி அண்ணன் வந்து நின்று பார்த்துவிட்டுத் தன் வெள்ளைப்பூண்டு விதையில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். எஸ்டேட்டை விட்டு நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான்.

கருத்தப்பாண்டி என்று ஒருத்தன் இருக்கிறான். காட்டு வேலை தெரிந்தவன். "ஏலே சிலுவ, தகரத்தத் தட்டி, பழைய சேலையக் கட்டி என்னைக்குல பன்னி போயிருக்கு? எங்கிட்ட விட்டுரு" என்றான். விட்டுவிட்டேன். இனி வராது என்று நினைக்கிறேன்.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
சிலுவைராஜ்

*

வேலந்தாவளம்
14.7.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். தைலம் தேய்த்துப் படுத்தால் காலைவரை வலி தெரியவில்லை. மழையில் ரோடு இடிந்ததாக டிவியில் காட்டினார்கள். உங்கள் பக்கம் எப்படி?

உன் ஆடு வேலை முடிந்து போய்விட்டது. சின்னத் தலை, சீக்கிரம் கழன்றது. பல் டாக்டருக்கு மிகவும் பிடித்துவிட்டது. நோயாளிகள் உட்காரும் இடத்தில் இல்லை, வீட்டுக் கூடத்திலேயே மாட்டிவிட்டார். பல் வரிசையை இவ்வளவு சுத்தமாக யாரும் வைத்துக் கொடுத்ததில்லையாம்.

ஆனால் கீழ்த்தாடை என் உயிரை எடுத்துவிட்டது. ஏழு துண்டு. ஒவ்வொன்றாகப் பொருத்தி, எலும்பு இல்லாத இடத்தில் ஒட்டுமாவு பூசித் தேய்த்துச் சரிசெய்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ உடைந்த எலும்பு பார்த்திருக்கிறேன். விழுந்து உடைந்தால் வெளியிலிருந்து உள்ளே நசுங்கும். இது உள்ளிருந்து வெளியே பிளந்திருந்தது. மேலண்ணத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு பதிந்திருந்தது. ஆடு எதைத் தின்றதோ!

சும்மா தோன்றியது, எழுதினேன். பன்றி போய்விட்டதா? பாண்டி என்ன செய்தான் என்று நீ எழுதவேயில்லையே.

வினோவுக்கு ஓண லீவு என்றைக்கு விடுகிறார்கள்? அவளை இங்கே நாலு நாள் அனுப்பு.

உன் அக்கா,
சந்தனமேரி

*

வட்டவடை
21.7.2024

அக்காவுக்கு,

சுகம். பாறையில் விழுந்த ஆடுதான். கீழே எவனோ பாட்டில் உடைத்துப் போட்டிருப்பான்.

ஜோபியிடம் பெரிய வாளி வருகிறது. பசுமாட்டுத் தலை. சீக்கு வந்து செத்தது. தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். தோலையும் காதையும் நானே எடுத்துவிட்டேன். உனக்கு வேலை குறையும். இதைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே. சீக்கிரம் முடித்து, தூரத்தில் யாருக்காவது கொடுத்துவிடு.

ஓணத்துக்கு வினோ வருவாள். வேலந்தாவளத்துக்கு அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம்.

சிலுவைராஜ்

*

வட்டவடை
6.8.2024

அன்பும் மரியாதையும் உள்ள மதினிக்கு, ஜோமோள் வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் கடவுள் கிருபையில் சுகம். நீங்கள் சுகமாக இருக்க ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். நீங்கள் கொடுத்த சேலையைத்தான் அன்று உடுத்தியிருந்தேன். எல்லாரும் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். இவர் கடிதம் எழுத உட்காருவதில்லை. அதனால் கோவிலூர் போகும்போது நானே தபாலில் போடுகிறேன்.

இங்கே ஒரு துக்கம். குருசாமி அண்ணனின் செவலைப் பசு காணாமல் போய் இருபது நாளாகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. இடது கொம்பு வளைந்து கண்ணுக்கு நேரே இறங்கும். கண்ணைக் குத்திவிடும் என்று நுனியை அறுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் மேயப்போனது திரும்பவில்லை. புலி என்கிறார்கள். புலி அடித்தால் எலும்பாவது கிடக்காதா? அண்ணன் தினமும் மழையில் "செவலே, செவலே" என்று கூப்பிட்டுக்கொண்டே போகிறார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இவரும் அண்ணனோடு மூன்று நாள் மலையெல்லாம் தேடினார். அதிலிருந்து ஆளே சரியில்லை, மதினி. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். கீழ்ப்பாத்திக்குப் புல் அறுக்கப் போனேன் என்று என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி எறிந்தார். "அங்க போகாதன்னா போகாத" என்று கத்தினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. மேலே மண் சரிந்து கீழ்ப்பாத்தியின் உருவமே மாறிக்கிடக்கிறது. அந்தப் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வினோவுக்கு செப்டம்பர் பதிமூன்றில் லீவு. கீழ்ப்பாத்தி ஓரத்தில் இருக்கும் கொய்யா மரத்தில் பழம் இருக்கிறதா என்பதுதான் கோவிலூரிலிருந்து போன் செய்தால் அவளுடைய முதல் கேள்வி.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் இவர் கேட்பார்.

அன்புடன்,
ஜோமோள்

*

வேலந்தாவளம்
18.8.2024

சிலுவைக்கு,

இதை உன் கையில் மட்டும் கொடுக்கும்படி ஜோபியிடம் சொல்லியிருக்கிறேன். ஒட்டியிருக்கிறேன். ஜோமோள் பக்கத்தில் இல்லாதபோது பிரி. சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரியும்.

டிரம்மிலிருந்து உன் மாட்டுத் தலையை எடுத்தேன். ஊறியதும் கொம்பின் மேல்கூடு கழன்று வந்தது. இடது கொம்பு வளைந்து, நுனி கண்குழிக்கு நேரே இறங்குகிறது. ஜோமோளின் கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நான் இடுப்பளவு நாற்றத்தில் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழ்த்தாடை இரண்டாகப் பிரிந்து, முன்பற்கள் ஒன்றும் இல்லை. அப்போது நஞ்சப்பன் வந்தார். பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "மேரியக்கா, இது சீக்கு வந்து செத்த மாடு இல்லீங்க. வாயில அவுட்டுக்காய் வெடிச்சிருக்குதுங்க. பன்னிக்கு வெப்பாங்கல்ல, தீனிக்குள்ள வெடிமருந்தும் கண்ணாடிச் சில்லும் வெச்ச உருண்டை, கடிச்சா வெடிக்கிறது, அதேதானுங்க. உடனே சாவு வராதுங்க. வாயில்லாம ரெண்டு நாள் நிக்கும். எங்கிருந்து வந்துதுங்க இது?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தலை எதுவும் கொடுத்துவிடவில்லை.

ஆட்டிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மாவு பூசி ஒட்டி அனுப்பிவிட்டேன்.

எத்தனை வைத்தீர்கள்? எங்கே வைத்தீர்கள்? எத்தனை வெடித்தது? ஜோமோளை ஏன் கீழ்ப்பாத்தியில் இறங்க விடமாட்டேன் என்கிறாய்? கோவிலூர்ப் பக்கம் போகும்போதாவது எடுப்பாய் என்று உன் போனுக்கு முப்பது தடவை அடித்துவிட்டேன், அணைத்தே வைத்திருக்கிறாய்.

குருசாமியோடு சேர்ந்து மூன்று நாள் எதைத் தேடினாய், சிலுவை?

அக்கா

*

வட்டவடை
31.8.2024

அக்காவுக்கு,

பத்து நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

பாண்டி ஒன்பது கொடுத்தான். கருவாட்டு மாவு பூசிக் கீழ்ப்பாத்தியைச் சுற்றி நாங்கள் இரண்டு பேரும்தான் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டேன். பன்றி கடிக்கும், வெடிக்கும், அவ்வளவுதான் என்றான். முதலில் ஆடு. வழிதவறி வந்த யாருடைய ஆடோ, தெரியாது. அடுத்தது ஒரு சாயங்காலம் வெடித்தது. போய்ப் பார்த்தால் காட்டுக்குள் ரத்தம் மட்டும் போயிருந்தது. மூன்றாவது செவலை.

நான் போனபோது அது நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து நடந்து வந்தது, அக்கா. என் கையில் அது எத்தனையோ முறை தவிடு தின்றிருக்கிறது. அதற்குமேல் கேட்காதே. உடம்பைப் புதைத்தேன். தலையைப் புதைத்தால் நாய் தோண்டி எடுத்து, தாடையைப் பார்த்தவனுக்கெல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் உனக்கு அனுப்பினேன். உன் கையில் போனால் எதுவும் அழகாகிவிடும் என்று நினைத்தேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிடப் போனேன். ஒன்றுதான் கிடைத்தது. அதைப் பள்ளத்து ஆற்றில் எறிந்தேன். மறுநாள் மேல்மண் சரிந்தது. குச்சி ஒன்றும் இல்லை. பாத்தி எங்கே, வரப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் ஐந்து இருக்கின்றன. பாண்டி ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சொன்னால் ஜெயில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குருசாமி அண்ணன் நேற்றுக்கூட வந்து, "எம்புட்டு நேரம் எங்கூட அலைஞ்ச சிலுவ, ஒனக்கு நான் என்ன செய்யப்போறேன்" என்று என் தோளைத் தொட்டார். அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

அந்தத் தலையை உடைத்துப் புதைத்துவிடு. ஓணம் முடியட்டும், நானே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

வேலந்தாவளம்
4.9.2024

சிலுவைக்கு அக்கா எழுதுவது.

நீ மறைக்காமல் எழுதியதற்கு மாதா உனக்குத் துணை நிற்கட்டும்.

தலையை உடைக்க மாட்டேன். ஓணம் வரைக்கும் பொறுக்கவும் மாட்டேன். பதிமூன்றாம் தேதி வினோ வருகிறாள். வந்ததும் கொய்யா மரத்துக்குத்தான் ஓடுவாள்.

எட்டாம் தேதி ஞாயிறு, மாதா பிறந்தநாள். அன்று பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போ. அவரையும் கூட்டிக்கொண்டு ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீசுக்குப் போ. நீயாகப் போய்ச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அக்கா காட்டிக்கொடுத்தாள் என்று ஆகவேண்டாம். ஞாயிறு வரை உனக்கு விடுகிறேன். திங்கள் காலை ஒன்பது மணிவரை உன்னிடமிருந்து தகவல் இல்லையென்றால் நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன். இது மிரட்டல் இல்லை.

அதுவரை கீழ்ப்பாத்திப் பக்கம் யாரையும் விடாதே. நீயும் இறங்காதே. எடுக்கத் தெரிந்தவர்கள் வந்து எடுக்கட்டும்.

குருசாமியிடம் சொல்லும்போது நானும் உன்னோடு நிற்கிறேன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

உன் அக்கா,
சந்தனமேரி

*

கோட்டயம்
24.9.2024

மதினிக்கு, ஜோமோள் எழுதுவது.

நீங்கள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து வார்டு வாசலில் நின்றதைப் பார்த்தேன். உள்ளே விடவேண்டாம் என்று நர்சிடம் சொன்னது நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் பேச வராது என்று எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஜோபி உங்கள் கடிதத்தைக் கொடுத்தான். இவர் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் என்னோடு நன்றாகப் பேசினார். ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் முட்டாள்போலச் சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை விடிந்ததும் ஒரு கம்பியும் சாக்கும் எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்றேன். "வேலி பாத்துட்டு வாரேன்" என்றார்.

எட்டரை மணிக்குச் சத்தம் கேட்டது.

மூன்றை எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தார். நான்காவது கையிலேயே வெடித்துவிட்டது. வலது கை மணிக்கட்டுக்குமேல் இல்லை. வலது கண்ணும் இல்லை. இடது கண்ணைக் காப்பாற்றியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த குருசாமி அண்ணன் எதையும் யோசிக்காமல் பாத்திக்குள் இறங்கினார். இவரை முதுகில் போட்டுக்கொண்டு அந்தச் சேற்றில் ஜீப் ரோடு வரைக்கும் ஏறினார். எங்கே காலை வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அவர் பின்னாலேயே நடந்தேன்.

ஜீப்பில் போகும்போது இவர் சட்டையைக் கழற்றினேன். உங்கள் கடிதம் பாதி ரத்தமாக இருந்தது. மீதியை வாசித்தேன். செவலையைப் பற்றியும் மண்ணுக்குள் இருந்த ஐந்தைப் பற்றியும் வழியில் இவரே முனகிச் சொன்னார்.

மறுநாள் அண்ணனிடம் நானே சொன்னேன். போலீஸ்காரன் வாயிலிருந்து அவர் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். "எஞ் செவலதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மூணு நாளு எங்கூட வந்தானேம்மா. நான் கூப்பிடுறப்பல்லாம் அவனுஞ் சேந்து கூப்பிட்டானே" என்றார். எழுந்து போனார்.

வெடி எடுக்கிறவர்கள் வந்து நாலு நாள் தேடினார்கள். ஐந்தாவது கிடைக்கவில்லை. மழை விடாததால் போய்விட்டார்கள். கீழ்ப்பாத்தியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லிவிடுவேன் என்றதை நான் குறை சொல்லவில்லை, மதினி. அதற்கு நாலு நாள் ஏன் விட்டீர்கள்? அன்றைக்கே சொல்லியிருந்தால் இவருக்குக் கை இருந்திருக்கும். இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள்.

ஜோமோள்

*

வேலந்தாவளம்
2.10.2024

ஜோமோளுக்குச் சந்தனமேரி எழுதுவது.

சிலுவைக்குக் காய்ச்சல் விட்டதா? நீ ஒருவேளையாவது சாப்பிடுகிறாயா? கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றாலும் கேட்கிறேன்.

அவனாகவே சொன்னால் அவனுக்கு நல்லது என்றுதான் அவகாசம் விட்டேன். கடிதத்தில் எழுதியது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். மீதியை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

விஷயம் ரேஞ்ச் ஆபீசுக்குப் போனால் முதல் கேள்வி, தலைகள் எங்கே என்பது. மாட்டுத் தலை என்னிடம் இருந்தது. ஆட்டுத் தலை பல் டாக்டர் வீட்டுச் சுவரில் இருந்தது, என் கையால் ஒட்டிய தாடையோடு. அதைப் பார்த்தால் மறைத்தது நான் என்று தெரிந்துவிடும். அவர்கள் கண்ணில் படுவதற்குள் அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். டாக்டர் சனிக்கிழமைதான் வீட்டில் இருப்பார். திங்கள் வரைக்கும் என்று நான் எழுதியது அதனால்தான்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு நான் கோயம்புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒட்டு விட்டுவிட்டது, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லித் தலையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உடைக்கச் சுத்தியலை எடுத்தபோது ஜோபி போன் செய்தான்.

திங்கட்கிழமை நான் போன் செய்யவேயில்லை. தேவைப்படவில்லை.

போன வாரம் இரண்டு தலைகளையும் எடுத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். மேசைமேல் வைத்து ஒட்டிய இடங்களை நானே காட்டினேன். ஆபீசர், "இது ஒட்டும்போதே உங்களுக்குத் தெரிஞ்சதா?" என்று கேட்டார். ஆட்டிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று சிலுவைக்கு எழுதியிருந்தேனே, அது பொய், ஜோமோள். கண்ணாடிச் சில்லை இடுக்கியால் எடுத்தபோதே எனக்குத் தெரிந்தது. ஆறு வாரம் எனக்கு நானே தெரியாததுபோல நடந்துகொண்டேன். அந்த ஆறு வாரத்தில்தான் செவலை போனது. ஆபீசரிடம் "தெரிஞ்சது சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என்மேலும் வழக்கு வரும். வரட்டும்.

நீ என்னை உள்ளே விடவேண்டாம். வினோவை மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் விடு. சிலுவைக்கு இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

சந்தனமேரி

*

வட்டவடை
8.10.2024

மதினிக்கு,

கடிதம் வந்தது. இவருக்குப் படித்துக் காட்டவில்லை. அக்கா என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். சுகம் விசாரித்திருக்கிறாள் என்றேன். காட்டவேண்டிய நாள் வந்தால் நீங்களே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

ஞாயிறன்று இவரை ஜாமீனில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குருசாமி அண்ணன் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் விடிந்தது முதல் இருட்டும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கயிற்றுப் பக்கத்திலேயே நிற்கிறார். ஆடு மேய்க்கிறவர்களையும் விறகுக்கு வருகிறவர்களையும் கையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார். வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. நான் காப்பி கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு வருகிறேன். சில நாள் டம்ளர் காலியாக இருக்கும்.

ஐந்தாவது இன்னும் கிடைக்கவில்லை. நேற்று மறுபடியும் மண் இறங்கியது. கயிற்றுக்குள்ளேதான் இருக்கிறது என்று இனிமேல் சொல்லமுடியாது என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வாருங்கள். லீவு முடிந்தும் விடுதிக்குப் போகாமல் இங்கேயே இருக்கும் வினோவை அழைத்துப் போங்கள். ஜீப்பிலிருந்து இறங்கினால் ரோட்டிலேயே நில்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். உங்களுக்குத் தெரிந்த பழைய வழியில் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

ஜோமோள்